சலுகை விலையில் வந்த கறவை மெஷின்

அன்புள்ள கௌசிக் சாமிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நாலு மாடுகளும் சுகம். டப்ளின் குளிரில் நீயும் சுகமாக இருக்க அர்த்தநாரீசுவரரை வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படி, உன் மார்க்கெட்டிங் உத்தியோகத்தைப் பற்றியது.

என் மணிக்கட்டு வலிக்காகத் திருச்செங்கோட்டில் கறவை மெஷின் வாங்கினோமே, அன்றைக்குக் கடைக்காரர் பெரிய சலுகை, இன்னும் மூன்றுதான் பாக்கி என்றார், பெட்டியில் ஐந்து வருட உத்தரவாதம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, நீயும் வீடியோவில் பார்த்துவிட்டு நல்ல ஆஃபர்தான் வாங்கிக்கோ என்றாய். ஏழாம் மாதமே வால்வு கெட்டு, உறிஞ்சும் வேகம் தாறுமாறாகி, செவலைப் பசுவின் காம்பு புண்ணாகி மடி கல் மாதிரி வீங்கிவிட்டது. என்னைக் கண்டாலே அது ஒதுங்கியது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கால்நடை மருத்துவர் அறிவுச்செல்வி பத்து நாள் வந்து ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார், ஆனாலும் ஒரு காம்பு போனது போனதுதான். கடைக்காரரிடம் போனால், அந்த மாடலை நிறுத்தி ஒரு வருசம் ஆச்சுங்கக்கா, வால்வு வராதுங்க, புது மாடல் எடுத்துக்கங்க என்றார். நாங்கள் வாங்கியே அப்போது ஏழு மாதம்தான் ஆகியிருந்தது!

உன்னிடம் சொன்னதற்கு, பொருளுக்கும் அறிமுகம், வளர்ச்சி, முதிர்ச்சி, சரிவு என்று நாலு பருவம் உண்டு, சரிவில் சரக்கைத் தள்ளிவிடுவது எல்லாக் கம்பெனியும் செய்வதுதான், விடும்மா என்று பாடம் நடத்தினாய். ஆகா, என்ன படிப்பு! நோய் மாடு என்று தெரிந்தே சந்தையில் தள்ளிவிடுகிற ஆளை நம் பக்கம் என்ன சொல்லித் திட்டுவார்கள் என்று உனக்குத் தெரியும். அதையே ஆங்கிலத்தில் சொன்னால் உங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள் போலிருக்கிறது.

நான் விடவில்லை. எதுக்கு இந்த வம்பு என்று உன் அப்பா முனகினாலும், பில், உத்தரவாத அட்டை, மருத்துவர் சான்று எல்லாம் வைத்து நாமக்கல் நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமல் நானே மனு கொடுத்தேன். கம்பெனி வக்கீல் எழுந்து, இந்தம்மா பாலை விற்கிறார், இது வியாபாரம், இவர் நுகர்வோரே இல்லை என்றாரே பார்க்கலாம். நானே சாணி அள்ளி, நானே கறந்து, நானே சொசைட்டிக்கு வண்டில கொண்டு போறனுங்க, இது எம்பட பொழப்புங்க என்றேன். பிழைப்புக்காகத் தானே உழைக்கிறவர் வாங்கினால் அவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே இருக்கிறதாம், ஆணையத் தலைவர் அதைப் படித்துக் காட்டினார். உடனே அந்த வக்கீல், பெட்டியில் இருப்பது வெறும் விளம்பர வாசகம் என்று மாற்றினார். அப்ப பில்லுல இருக்கற வெலையும் விளம்பரந்தானுங்களா என்று கேட்டேன்.

தீர்ப்புக்கு முன்னால் கம்பெனியின் மார்க்கெட்டிங் ஆள் சபரிநாதன் நம் வீட்டுக்கே வந்தான், உன் வயதுதான் இருக்கும். மனுவை வாபஸ் வாங்கி, திருப்தியான வாடிக்கையாளர் என்று வீடியோவில் பேசினால் புது மாடல் இலவசமாம். செவலையக் கறந்து பாருங்க, அது திருப்தின்னா நானுஞ் சொல்றேன் என்றேன். கை வைத்ததும் ஓர் உதை, சாணியில் விழுந்தான். குழாயடியில் கழுவிக்கொண்டே, நிறுத்தின மாடல்னு விக்கறப்பவே எங்களுக்குத் தெரியுங்கம்மா, சொன்னா வேலை போயிருங்க என்றான். சிரிக்கலாம் என்று நின்ற எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் தீர்ப்பு வந்தது. மெஷின் விலையோடு மருத்துவச் செலவும் நஷ்டஈடும் தரச் சொல்லிவிட்டார்கள். அப்பா நகலை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டுகிறார், வம்பு வேண்டாம் என்றவர்.

உனக்கு எல்லா நலமும் உண்டாகட்டும் சாமி, வேளைக்குச் சாப்பிடு, காதை மூடாமல் பனியில் போகாதே. ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறக்காமல் பதில் எழுது. வீடியோவில் அந்தப் பெட்டியைப் பார்த்தபோதே, அது தள்ளிவிடுகிற சரக்கு என்று உனக்கும் தெரிந்திருந்ததா?

இப்படிக்கு,
உன் அம்மா
சௌந்திரம்