முக்கோணக் குப்பி

மார்ச் 4

புதுசு (அந்தப் புதுப் பையனுக்கு நான் வைத்த பெயர்) இங்கே சேர்ந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஆய்வுக்கூடத்தில் யாரைக் கேட்டாலும் அவன் சவ்வு, அவன் சவ்வு! இன்று வந்த விருந்தினர்களையும் எங்கள் தலைவி மேடம் நேராக அவன் மேசைக்குத்தான் கூட்டிப்போனார். உப்புத் தண்ணீரை ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் நல்ல தண்ணீர் வருகிறது. எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

அந்தச் சவ்வுக்குள் இருக்கும் புரதம் யாருடையது? உயிரணுவின் மெல்லிய உறையில் தண்ணீரை மட்டும் உள்ளே விடுகிற புரதம் அது. அதை பாக்டீரியாவில் உண்டாக்கி, பிரித்தெடுத்து, கொழுப்புக் குமிழ்களுக்குள் உட்காரவைத்தவள் நான். ஏழு வருஷம். மேடம் போகிற போக்கில் என்னைக் காட்டி, “இவங்க சாம்பிள் தயார் பண்ணிக் குடுக்கிறாங்க” என்றார்.

சாம்பிளாம்!

மார்ச் 5

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். “வயிறு எரியுதுன்னு நேரா சொல்லிட்டுப் போயேன்” என்றார். சரி, எரிகிறது. போதுமா?

மார்ச் 11

கூட்டத்தில் கேட்டேவிட்டேன். “புரதம் இல்லாத வெறும் குமிழ் போட்டுப் பாத்தியா?” அவன் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! போட்டுப் பார்க்கவே இல்லை.

“நல்ல கேள்வி. எது எதுன்னு தெரியாமலே சோதிக்கட்டும்” என்றார் மேடம். நான் இரண்டு குப்பி தர வேண்டும். எதில் புரதம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வெறும் குமிழில் அவன் சவ்வு பல்லிளிக்கப்போகிறது. பெருமை யாருக்கு என்று அப்போது தெரியும்.

மார்ச் 13

குப்பிகளில் குறி போட்டுக் கொடுத்தாயிற்று. வட்டம் – புரதம். முக்கோணம் – வெறும் குமிழ்.

மார்ச் 24

எழுதவே கை வரவில்லை.

முக்கோணம் ஜெயித்துவிட்டது. அதை வைத்துச் செய்த ஆறு சவ்வுத் தாளிலும். உப்பு இரண்டிலும் ஒரே அளவுதான் நின்றது, தண்ணீர் முக்கோணத்தில் கூடுதலாக வந்தது. புதுசு குதித்துக்கொண்டு ஓடிவந்தான். “அக்கா, முக்கோணம்தானே உங்க புரதம்? எனக்கு அப்பவே தெரியும்!” மேடமும் என்னைத்தான் பார்த்தார்.

என் தலை ஆடிவிட்டது. தானாக ஆடியதா? இல்லை, நான்தான் ஆட்டினேன். வாயைத் திறந்து பொய் சொல்லவில்லையே என்று ஒரு ஆறுதல் வேறு — சீ.

மார்ச் 25

குறியை மாற்றிப் போட்டிருப்பேனோ? குப்பிகளில் மிச்சம் இருந்ததைச் சோதித்தேன். மாற்றவில்லை. வட்டத்தில்தான் புரதம்.

உண்மையைச் சொன்னால் என் புரதம் வெறும் சுமை. அவன் சவ்வோ இன்னும் உசத்தி. புரதமே இல்லாமல் வேலை செய்கிறது என்றால் செலவும் குறைவு. ஏழு வருஷத்தைக் குப்பையில் கொட்டிவிட்டு அவனுக்கு நானே மாலை போடணுமா? முடியாது, போ.

மார்ச் 28

கட்டுரையின் முதல் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினான். என் பெயர் முதலில் இருந்தது. அவன் பெயர் அடுத்து.

“நீங்க கேட்ட கேள்வியாலதானேக்கா எல்லாம். மேடம்கிட்ட சண்டை போட்டு வாங்கினேன்.”

இந்த இடத்துக்குத்தானே இத்தனை நாள் பொருமினேன்? இவன் கொஞ்சம் கெட்டவனாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா! கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். குழாயைத் திறந்துவிட்டுத்தான்.

மார்ச் 31

சொல்லிவிட்டேன். கூட்டத்தில், எல்லார் முன்னாலும். வட்டம்தான் புரதம், நான் தலையாட்டியது பொய்.

மேடம் கையிலிருந்த கட்டுரையைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, “ஒரு வாரம்! எப்படிங்க மனசு வந்துச்சு?” என்றார். புதுசு ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 2

வீட்டுக்காரர் இன்று கிண்டல் செய்யவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 17

புரத வேலையை நிறுத்தியாயிற்று. கட்டுரையில் அவன் பெயர் முதலில், என்னுடையது மூன்றாவது. பார்க்கும்போது இன்னும் சுருக்கென்றுதான் இருக்கிறது.

மதியம் என் குடுவைகளை எல்லாம் கழுவிக் கவிழ்த்தேன். புதுசு கூப்பிடாமலே வந்து ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினான். “அடுத்து என்னக்கா பண்ணப்போறீங்க?”

“உன் சவ்வுல எங்க ஓட்டைன்னு தேடப்போறேன்.”

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. மேடத்திடம் காலையிலேயே அனுமதி வாங்கிவிட்டேன்.