கமாஞ்சேக்காரன் யாரைப் பார்க்கிறான்?

என் அமலு கண்ணு,

இதை ஊரறிய எழுதுகிறேன். உனக்கென்று தனியாக எழுதியதையெல்லாம் பாதியிலேயே கிழித்துப் போட்டுவிட்டேன். நாலு பேர் படிக்கப்போகிறார்கள் என்றால் முடித்துத்தானே ஆகவேண்டும்?

நீ போனதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பில் வரலாறு நடத்தும்போதுகூட இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். கன்டெய்னர் லாரி போனால் நம் வீட்டு ஜன்னல் அதிருமே, அப்போதெல்லாம் எழுந்து நின்றுவிடுகிறேன். எண்ணூர் சாலையில் உன் வண்டியை இடித்தது எந்த லாரி என்று தெரிந்து இனி என்ன ஆகப்போகிறது? இருந்தும் எழுந்துவிடுகிறேன்.

பாட்டும் கேட்க முடியவில்லைடா. கோயிலில் பாடகர் குழு ஆரம்பித்தால் நான் வாசலுக்கு வந்துவிடுகிறேன். உன் வயலின் இல்லாத இடம் காதில் அப்படிக் குத்துகிறது. பாட்டைப் பார்க்க மட்டும்தான் முடிகிறது. அதற்குக் காரணம் நீ கேட்டுவிட்டுப் போன கேள்வி.

துறைமுக வேலையிலிருந்து ஒரு சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாய். ஈரான் கப்பலின் மாலுமி ஒருவர் தன் போனில் எதையோ காட்டியிருந்தார்.

“யக்கா, அவங்க ஊர்ல வயலினைத் தரையில நிக்க வெச்சு வாசிக்கிறாங்கோ. கழுத்துல வெக்கிறதே இல்ல. கமாஞ்சேன்னு பேராம்.”

பள்ளி நூலகத்திலிருந்து நான் எடுத்து வந்திருந்த முகலாய ஓவியப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். அதே கருவி. உயரத்தில் அரசர், கீழே கம்பளம், கம்பளத்தில் பாரசீகத் தலைப்பாகையோடு ஒருவன் கமாஞ்சேயை நிறுத்தி வில்லைப் பிடித்திருக்கிறான். பக்கத்தில் நம் நாட்டு ஆள், இரண்டு சுரைக்குடுக்கை கட்டிய வீணையோடு. நீ அரசரைக் கையால் மறைத்துக்கொண்டாய்.

“இவர உடு. ரெண்டு பேரும் ஒரே கம்பளத்துல குந்திகினு கீறாங்க பாரு. ஒண்ணா வாசிச்சாங்களாக்கா, இல்ல அவன் முடிக்கட்டும்னு இவன் காத்துகினு கீறானா?”

“பார்த்துச் சொல்றேன்டா” என்றேன். நான் பார்ப்பதற்குள் நீ போய்விட்டாய்.

அன்றிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அமலு. கிடைத்த படங்களையெல்லாம் போனில் பெரிதாக்கி, விரல் விரலாக. காலத்தால் முந்தைய படங்கள் பலவற்றில் பாரசீகர்கள் ஒரு பக்கம், நம்மவர்கள் ஒரு பக்கம். போகப் போக இடைவெளி குறைகிறது. நீண்ட கழுத்துள்ள தம்பூர் என்றொரு பாரசீகக் கருவி வருகிறது. முதலில் அதன் கழுத்தில் சுரங்களைப் பிரிக்கும் கட்டுகள் தெரிகின்றன, வாசிப்பவனின் விரல்கள் தந்தியை அழுத்துகின்றன. பிந்தைய படங்களில் கட்டுகளைக் காணோம். தோளில் சாய்த்துக்கொண்டு சும்மா மீட்டுகிறான். ராகம் வாசித்த கருவி சுருதிக்கு வந்துவிட்டது. இன்றைய தம்புரா அந்த வழியில் வந்ததுதான் என்கிறார்கள்.

இதைக் கேட்டால் நீ சண்டைக்கு வருவாய். கானா மேடையில் பாடுகிறவனுக்குப் பின்னால் நின்றே வாசித்தவன் நீ. “வாசிக்க வந்தவனைச் சுருதி போட வெச்சிட்டாங்களா?” என்பாய். அது தாழ்வா, இல்லை அவன் இல்லாமல் யாருமே பாட முடியாது என்று ஆனதா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஓவியம் எதையும் சொல்லும், சத்தத்தை மட்டும் சொல்லாது.

போன ஞாயிறு மதியம் உன் தோஸ்து பஷீர் வந்தான். டோலக்கையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். நான் படங்களைக் காட்டிப் பேசிக்கொண்டே போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

“யக்கா, படத்தப் பாத்துகினே இருந்தா எப்புடி? அவன் குந்திகினு கீற மாரி குந்தி, ஒரு தபா வாசிச்சுதான் பாரேன்.”

“நான் வயலினைத் தொட்டு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?”

“மறந்தா பூடும்? நீயும் அவனும் ஒண்ணாத்தானே கத்துகினீங்க?”

உன் பெட்டியைத் திறந்தேன். தரையில் உட்கார்ந்து, வயலினைத் தொடைமேல் நிறுத்தினேன். படத்தில் உள்ளபடி உள்ளங்கை மேல்நோக்கியிருக்க வில்லைப் பிடித்தேன். தந்தி மாற வேண்டுமானால் வில்லை அல்ல, கருவியையே திருப்பிப் பார்த்தேன். முதலில் வெறும் கீச்சொலி. பஷீர் சிரிக்கவில்லை. மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு நீண்ட சுரம் பிடிபட்டது.

அப்போதுதான் தெரிந்தது. கழுத்தில் வைக்கும் நம் பிடியில் தாடை வயலினோடு பூட்டிக்கொள்கிறது, தலையைத் திருப்ப முடியாது. இப்படி நிறுத்தி வாசித்தால் முகம் விடுபட்டுவிடுகிறது. என்னை அறியாமலே நான் பஷீரின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே அடிக்கப்போகிறான், எங்கே விடப்போகிறான் என்று.

வில்லைப் போட்டுவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தேன். கமாஞ்சேக்காரன் அரசரைப் பார்க்கவில்லை, அமலு. வீணைக்காரனின் இடது கையைப் பார்க்கிறான். தன் முறைக்குக் காத்திருப்பவன் அடுத்தவன் விரலை எதற்கு அப்படிப் பார்க்கவேண்டும்? ஓவியனின் கற்பனையாகவும் இருக்கலாம். சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஒன்றாகத்தான் வாசித்தார்கள் என்று என் கழுத்து சொல்கிறது.

மறுபடி வாசித்தேன். சமையலறையில் பாத்திரம் விழுந்தது. அம்மா ஈரக்கையோடு ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரைப் பார்க்க ஓடி வந்தார் என்று எனக்கும் பஷீருக்கும் தெரியும். நான் வில்லைக் கீழே வைக்கப் போனேன்.

“ஏன்டி நிறுத்துற?” என்றார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். “வாசி.”

வாசித்தேன். வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் எழுந்து நிற்கவில்லை.

கல்லறைத் திருநாளன்று நாங்கள் மூன்று பேரும் காசிமேட்டுக்கு வருகிறோம். மெழுகுவத்தி, பூ எல்லாம் அம்மா கொண்டுவருவார். நான் உன் தலைமாட்டில் சம்மணமிட்டு, வயலினை நிறுத்தி வைத்து வாசிப்பேன். பிசிறடிக்கும், பொறுத்துக்கொள். யார் திரும்பிப் பார்த்தாலும் பாதியில் நிறுத்த மாட்டேன், இது சத்தியம்.

உன் கூடப் பிறந்தவள்,
ஸ்டெல்லா அக்கா