கரி பூசிய கட்டங்கள்

சித்தி,

உன் தகரப் பெட்டியை நான் திறக்கவில்லை. ஆனாலும் சற்று முன்பு ஸ்பிரிட் வாசனை வந்தது. நீ பஞ்சை நனைத்து என் முழங்கை மடிப்பில் தேய்க்கும்போது வருமே, அதே குளிர்ந்த வாசனை. பரண் மேல் கிடக்கிற அந்தப் பெட்டிக்குள் இப்போது உன் புடவைகளும், லேபில் நீ வாயில் வைத்து உறிஞ்சிய கண்ணாடிக் குழாயும் மட்டும்தான் இருக்கின்றன. ஸ்பிரிட் பாட்டில் எப்போதோ வற்றிவிட்டது. எழுந்து போய்த் தொட்டிலில் குனிந்து தம்பியை முகர்ந்து பார்த்தேன். பால் வாசனைதான்.

நைனா வெளியே கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கிறார். நான் உனக்கு எழுதுவது தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். இந்த வீட்டில் உன் பேரைச் சொல்லக்கூடாது. விளக்கைத் தணித்துக்கொண்டு அடுப்பங்கரை மூலையில் உட்கார்ந்திருக்கிறேன். செத்தவர்களுக்கு எழுதினால் பின்னால் வந்து நின்று படிப்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் ஜெயா பயமுறுத்துவாள். வந்து நில். விடிந்தால் எனக்கு நீ வேண்டும்.

இன்று சாயங்காலம் தமுக்கு அடிப்பவர் தெருவோடு கத்திக்கொண்டு போனார். "காலீல பள்ளிக்கூடத்தாண்ட அம்ம குத்துறாங்கோ! கைக்கொழந்தைய எல்லாம் தூக்கினு வந்துடுங்கோ!" நைனா உடனே அம்மாவிடம் சொன்னார்: "மொத ஆளா நம்ம பையன் போவணும். ரயில்வேல கீறவன் ஊட்லயே ஒளிச்சி வெச்சிகினா, அப்பால ஊர்ல எவன் மதிப்பான்?" அம்மா முறத்தில் இருந்த அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நைனா பேசியது உன் பேச்சு, சித்தி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அம்மை குத்துபவர்கள் வருகிறார்கள் என்றால் நம் தெருப் பெண்கள் பிள்ளைகளை நெல் குதிருக்குள் இறக்கி மூடிவிடுவார்கள். பட்டணத்து மெடிக்கல் காலேஜிலிருந்து லீவுக்கு வந்தால் நீ வீடு வீடாகப் போய்க் குதிரைத் தட்டுவாய். "இன்னா முனியம்மாக்கா, உங்கூட்டு நெல்லு அழுவுது?" என்று கேட்பாய். முனியம்மா, "படிச்ச திமிருடி உனுக்கு, உன்ன எவன் கட்டிக்கினு போவப்போறான்" என்று திட்டிக்கொண்டே பிள்ளையை வெளியே எடுப்பாள். என்னையும் நீதான் குதிருக்குள்ளிருந்து இழுத்தாய். என் கையில் இருக்கிற தழும்பு உன் பிடியில் நின்று வாங்கியது.

சேகருக்கும் நீதான் கையைப் பிடித்தாய். தம்பிக்கு முன்னால் பிறந்த என் சேகருக்கு. அப்போது அவன் தவழ ஆரம்பித்திருந்தான்.

எங்களுக்கெல்லாம் குத்தின இடம் கொப்புளித்து, காய்ந்து, பொருக்கு உதிர்ந்தது. அவனுக்கு உதிரவில்லை. புண் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகித் தோள்வரை ஏறியது. ஆனால் சுற்றிலும் சிவக்கவில்லை. தொட்டால் அழவும் இல்லை. அதைப் பார்த்துப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "ஆத்தாவுக்குப் புள்ளயப் புடிச்சிப் போச்சி. போவ மனசு வரல" என்றார்கள். வாசலில் வேப்பிலை கட்டி, கூழ் ஊற்றினார்கள். வந்த ஆத்தாளை விரட்டக்கூடாதென்று யாரும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகவில்லை. அவன் சிரித்துக்கொண்டே இளைத்துப் போனான்.

நீ அடுத்த லீவுக்கு வந்து துணியை விலக்கிப் பார்த்தாய். அப்போது உன் முகம் போன விதத்தை நான் மறக்கவில்லை. "ஏன் செவக்கல?" என்று கேட்டாய். அம்மா, "செவக்காதது நல்லதுதானடி" என்றாள். நீ மறுபடியும், யாரையும் பார்க்காமல், "ஏன் செவக்கவே இல்ல?" என்றாய்.

அவன் ரத்தத்தையும் என் ரத்தத்தையும் எடுத்து, டிபன் கேரியரில் ஐஸ் போட்டு ரயிலில் கொண்டுபோனாய். நீ திரும்பி வருவதற்குள் அவனைப் பனந்தோப்பில் புதைத்துவிட்டார்கள்.

வந்தவள் அழாமல் இரண்டு காகிதக் கீற்றுகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாய். "இது உன்னுது. இது அவனுது" என்றாய். இரண்டிலும் நீலப் பட்டைகள் வரிசையாக இருந்தன. என்னுடையதில் கடைசியாக, தண்ணீரில் மை கரைந்த மாதிரி ஓர் அகலமான பட்டை. அவனுடையதில் அந்த இடம் வெள்ளை. "இங்கதான் காவக்காரன் இருப்பான். வெளியேர்ந்து எது வந்தாலும் மடக்குவான், அதான் செவக்கும். இவனுக்கு ஆளே இல்ல. தொறந்து போட்ட ஊடு மாரி இருந்திருக்கான். அதுல நாந்தான் கைய புடிச்சி..." என்று நிறுத்திக்கொண்டாய். அந்த வெள்ளையை நான் ரொம்ப நேரம் பார்த்தேன். இப்போதும் கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது.

பிறகு அடுப்பிலிருந்து கரித்துண்டு எடுத்து இந்தத் தரையில் வரைந்தாய். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குக் கட்டம். நம் குடும்பத்தில் செத்த பிள்ளைகளைப் பற்றி அம்மாவிடம் கேட்டாய். அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்து தவழும்போதே போன மாமா, பெரியம்மாவின் மூத்த பையன், சேகர். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லக் கட்டத்தைக் கரியால் நிரப்பினாய். கறுப்புக் கட்டங்கள் எல்லாம் நம் வீட்டுப் பெண்களின் வட்டங்களுக்குக் கீழேயே தொங்கின. பார்ப்பதற்குக் கோலம் மாதிரிதான் இருந்தது. ஆனால் அதை மிதிக்க எனக்குக் கால் வரவில்லை.

"இந்தக் கொற பொண்ணுங்க வழியாத்தான் வருது. நமக்குள்ள ஒண்ணு உக்காந்துகினு இருக்கு. நம்மள ஒண்ணும் பண்ணாது. பையன் பொறக்கறவரைக்கும் சும்மா இருக்கும்" என்றாய்.

"சித்தி, எனக்குள்ளயும் அது கீதா?"

"தெரில. பொண்ணுங்கள்ல பாத்துச் சொல்ற வழி இன்னும் வரல. எனக்குள்ள கீதான்னு எனக்கே தெரியாது" என்று சிரித்தாய். "வழி வந்ததும் மொதல்ல உன் கையத்தான் புடிப்பேன், ஓடிடாத."

அம்மா ஈரத் துணியைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் அழித்தாள். "ஊட்ல இதெல்லாம் எழுதி வெக்காதடி, கேட்டுக்கினு இருக்கும்" என்றாள். எது கேட்டுக்கொண்டிருக்கும் என்று சொல்லவில்லை. கரி முழுவதும் போகாமல் தரையில் சாம்பல் நிறமாகத் தங்கிவிட்டது. தம்பியின் தொட்டில் அதற்கு நேர் மேலேதான் தொங்குகிறது.

ஊருக்குப் போகும்போது என் தோளை அழுத்திச் சொன்னாய். "இனிமே இந்த ஊட்ல பையன் பொறந்தா, ரத்தம் பாக்காம குத்த உடாத. காலேஜுக்குத் தூக்கினு வா, நா இல்லன்னா எங்க சார் பாப்பாரு. அவன் ஒருத்தனுக்குத்தான் இது. மத்தவங்க அத்தினி பேரும் குத்திக்கணும். சுத்தி இருக்கறவங்க குத்திக்கினாத்தான் அவனாண்ட நோவு வராது."

நா இல்லன்னா என்று ஏன் சொன்னாய்?

யார் யாருடைய ரத்தத்தின் தெளிந்த நீரையோ அந்தக் குழாயில் வாயால் உறிஞ்சி எடுப்பாயாம். உங்கள் லேபில் எல்லாருமே அப்படித்தானாம். "கொஞ்சம் அசந்தா நாக்குல உப்புக் கரிக்கும், துப்பிட்டு வேலயப் பாப்போம்" என்று விளையாட்டாகச் சொல்வாய். பிறகு கண் மஞ்சளாகி வீட்டுக்கு வந்தாய். வயிறு வீங்கி, யாரென்று தெரியாமல் என்னைப் பார்த்தாய். அதோடு போய்விட்டாய். ஊரில், "செத்த புள்ளைங்க ரத்தத்த உறிஞ்சினா அதுங்க சும்மா உடுமா?" என்று பேசினார்கள். நைனா அதை நம்பித்தான் உன் பேரையே தடுத்துவிட்டார். சேகரைக் கொண்டுபோனது ஆத்தாதான், குத்தினது இல்லை என்பது அவர் நினைப்பு. தொழிற்பேட்டைக்கு நிலம் அளப்பவர்கள் பனந்தோப்பில் கல் நட்டிருக்கிறார்கள். சேகர் மேலேயும் ஒரு கல் நிற்கிறது. பொழுது சாய்ந்தால் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

தம்பிக்கு நாக்கில் மாவு பூசின மாதிரி வெள்ளையாக இருக்கிறது. அம்மா துடைக்கத் துடைக்க மறுபடியும் படிகிறது. காதில் சீழ் நிற்கவில்லை. சேகருக்கும் இப்படித்தான் இருந்தது. நேற்று தம்பியின் கன்னத்தில் எறும்பு கடித்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், சிவக்கிறதா என்று. எனக்குச் சொல்லத் தெரியவில்லை, சித்தி.

இதை எழுதும்போதே அம்மா எழுந்து வந்துவிட்டாள். நோட்டை மறைத்தேன்.

"யாருக்கு எழுதற?"

பொய் வரவில்லை. "சித்திக்கு."

அடிப்பாள் என்று தலையைக் குனிந்தேன். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவ வரஞ்சாளே, அது உனக்கு நாபகம் கீதா?" என்றாள்.

கரித்துண்டை எடுத்தேன். பழைய சாம்பல் நிறத்தின் மேலேயே வட்டங்களைப் போட்டேன். மாமா, பெரியம்மா பையன், சேகர் என்று கட்டங்களை நிரப்பினேன். அம்மாவின் வட்டத்துக்குக் கீழே தம்பிக்கு ஒரு கட்டம் போட்டதும் என் கை நின்றுவிட்டது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். 

"இத ரொப்பாத" என்றாள். கரித்துண்டை என் விரல்களிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, "பட்டணத்துக்கு மொத வண்டி இருட்டோடதானே போவுது?" என்று கேட்டாள்.

"நைனா?"

"வந்து அடிக்கட்டும். நா பாத்துக்கறேன்."

இப்போது அம்மா கொடியிலிருந்து தம்பியின் துணிகளை எடுத்து மூட்டை கட்டுகிறாள். அம்மாவும் நானும் கொல்லைப்புறமாகக் கிளம்புகிறோம்; ஸ்டேஷன்வரை அவனை நான் தூக்கிக்கொள்வேன். அவனுக்குக் காவல்காரன் இருக்கிறானா இல்லையா என்று உங்கள் சார் காகிதத்தில் பார்த்துச் சொல்லட்டும். தரையில் உன் வட்டமும் என் வட்டமும் இருக்கின்றன. இரண்டுக்குள்ளும் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. நீ அதைத் தெரிந்துகொள்ளாமலே சுமந்துகொண்டு போனாய். நானும் அப்படியே சுமந்துகொண்டு, இடுப்பில் அவனையும் ஏற்றிக்கொண்டு, இருட்டில் நடக்கப்போகிறேன்.

வாசனை இன்னும் போகவில்லை. வண்டியில் ஜன்னல் ஓரம் உனக்கு இடம் விடுகிறேன்.