தக்காளிப் பாடத்துக்குள் போன பதினாறு பக்கங்கள்

அன்பு மகள் குருவிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நல்லபடியாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உடம்பளவில் என்று எழுதியதைப் பார்த்துப் பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து புதுக் கண்ணாடி வந்துவிட்டது, இப்போது அலமாரிக்கு மேல் இருக்கும் தூசி, என் சட்டைக் காலரில் இருக்கும் அழுக்கு எல்லாம் அவளுக்குத் தெரிகிறது, எனக்குத்தான் கஷ்டம். குளியலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டேதான் இருக்கிறது, பிளம்பர் நாளை நாளை என்று இழுத்தடிக்கிறார். நான் ரிட்டயர் ஆன பிறகும் வாரத்துக்கு இரண்டு நாள் நூலகத்துக்குப் போய்ப் பழைய புத்தகங்களுக்கு பைண்டிங் போட்டுக் கொடுத்து வருகிறேன், சும்மா வீட்டில் உட்கார்ந்தால் அம்மாவுக்கும் எனக்கும் ஒத்துவராது. இப்போது இரண்டு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மேசைக்கு வந்துவிடுகிறது, பேச்சுதான் வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

உனக்குப் பன்னிரண்டு வயதில் நடந்தது அது. அந்தத் துப்பறியும் பெண் நாவலை நீ மறந்திருக்க மாட்டாய். பூட்டிக் கிடக்கும் வீட்டிலிருந்து பியானோ சத்தம் கேட்க, சைக்கிளில் போய் ஒரு பெண் கண்டுபிடிப்பாளே, அவளுடைய அப்பாகூட மருந்துக் கடைக்காரர். அந்தக் காலத்திலிருந்து இன்றுவரை நம் நூலகத்தில் அதிகம் பேர் எடுத்துப் படித்த புத்தகம் அதுதான். கடைசிப் பதினாறு பக்கம் இல்லாமலே இத்தனை பேர் படித்தார்கள். பின் அட்டையில் ஒட்டியிருக்கும் வாசகர் கருத்துத் தாளில் பெயர் போடக் கூடாது, வேண்டுமானால் தொழிலைப் போடலாம் என்று பழைய தலைமை நூலகர் வைத்த சட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. அந்த நாவலுக்கு மட்டும் இதுவரை ஐந்து தாள் ஆகிவிட்டது. ஒவ்வொரு தாள் நிரம்பும்போதும் புதுத் தாள் ஒட்டியது நான்தான். ஒரு பஸ் கண்டக்டர் எழுதியிருக்கிறார், கடைசி ஸ்டாப்புக்கு முன்னாலேயே எல்லாரையும் இறக்கி விட்டுவிட்டார்கள் என்று. ஒரு நர்ஸ், முடிவு இல்லாததுதான் இந்தக் கதைக்கு அழகு, நானே தினம் ஒரு முடிவு வைத்துக்கொள்கிறேன் என்கிறார். கணக்கு வாத்தியார் ஒருவர் ஒரு பக்கம் முழுக்க வரிசை எண் போட்டு, திருடன் தபால்காரன்தான் என்று நிரூபித்து, அடியில் கோடு வேறு போட்டிருக்கிறார். தையல்காரர் ஒருவருக்கு அந்தப் பெண்ணை முதலில் அவ்வளவு தூரம் தனியாக அனுப்பியது பிடிக்கவில்லை, அதற்குக் கீழேயே வேறொருவர், உங்கள் பெண்ணைப் பூட்டி வையுங்கள், இவள் போகட்டும் என்று பதில் போட்டிருக்கிறார். படிக்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் நடுநடுவே இன்னொன்றும் இருக்கிறது. பக்கத்தைக் கிழித்த புண்ணியவதி நன்றாக இருக்கட்டும். கிழித்த பிள்ளையைப் பெற்றவர்கள் என்ன வளர்த்தார்களோ. அந்தக் கையை ஒருநாள் பார்க்க வேண்டும். இப்படி இருபத்திரண்டு வருஷமாக ஊரே உன்னைத் திட்டியிருக்கிறது குருவி. ஒவ்வொன்றையும் படித்துவிட்டு, அதன் ஓரத்தில் பசை தடவி மேலே அடுத்த தாளை ஒட்டினவன் நான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன், சுற்றிச் சுற்றி வருவது என் பழைய வழக்கம். போன மாதம் நம் கிளை நூலகம் ஒன்றை மூடிவிட்டு அங்கிருந்த புத்தகங்களையெல்லாம் இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். அதில் வீட்டுத் தோட்டம் போடுவது பற்றிய புத்தகம் ஒன்று முதுகு பிளந்து என் மேசைக்கு வந்தது. பிரித்தால், தக்காளிச் செடியில் இலை சுருண்டால் என்ன செய்ய வேண்டும் என்ற பாடத்துக்கு நடுவில் அந்தப் பெண் டார்ச் லைட்டோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறாள். பதினாறு பக்கமும் அப்படியே, ஒரு மடிப்புக் கலையாமல், என் நூலில், என் கைத் தையலில். அன்றைக்கு இரண்டு புத்தகத்தையும் ஒரே நாளில் பிரித்துப் போட்டுத் தைத்தேன், இரண்டும் ஒரே அளவு, நாவலின் கடைசிப் பதினாறு பக்கக் கட்டு இதற்குள் சேர்ந்துவிட்டது. அந்தத் தோட்டப் புத்தகத்தின் கருத்துத் தாளில் பதினொரு வருஷத்துக்கு முன்பே யாரோ ஒரு தோட்டக்காரர் எழுதி வைத்திருக்கிறார், பூச்சி மருந்து அடிக்கும் நேரத்தில் ஒரு பெண் வந்துவிட்டாள், யார் என்று தெரியவில்லை, ஆனாலும் அந்த இடம் விறுவிறுப்பாக இருந்தது என்று. தோட்டப் புத்தகத்துக்கு வரும் கருத்தை யார் படிக்கப் போகிறார்கள்?

இதுவரைக்கும் எழுதி, எல்லாம் தெரியாமல் நடந்துவிட்டது, அப்பாவை மன்னித்துவிடு என்று முடித்து இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன். அது பொய். நீ அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பைண்டிங் அறைக்கு ஓடி வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூட யூனிஃபார்மோடு, மூச்சு வாங்க, மேசையில் புத்தகத்தை விரித்து வைத்து, "அப்பா, கடைசிப் பக்கமெல்லாம் காணோம். ஆனா யாரும் கிழிக்கல. கிழிச்சிருந்தா ஓரத்துல துண்டு நிக்கணும்ல, பாரு, நூல் முழுசா இருக்கு. தைக்கும்போதே விட்டுப்போயிருக்கு" என்றாய். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய் தெரியுமா, கதையில் வரும் பெண் மாதிரி நீயும் ஒன்று கண்டுபிடித்துவிட்டாய் என்று. நான் நூலைப் பார்த்தேன். பார்த்த அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது குருவி, தப்பு என்னுடையது என்று. அதற்கு முந்தின மாதம்தான் ஒரு அகராதியைத் தலைகீழாக அட்டை போட்டுத் தலைமை நூலகரிடம் எழுத்து மூலமாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன், என் வேலையை நிரந்தரம் பண்ணும் தாள் அவர் மேசையில்தான் இருந்தது. அந்த மனிதர் அதே நேரம் வாசலில் வந்து நின்று என்ன விஷயம் என்று கேட்டார். என் வாயிலிருந்து வந்தது, "பொண்ணு பக்கத்தைக் கிழிச்சுட்டா சார்." யோசித்துச் சொல்லவில்லை, ஆனால் சொன்ன பிறகு மாற்றிச் சொல்ல எனக்கு நிறைய நேரம் இருந்தது, மாற்றவில்லை. உன் நூலக அட்டையை மூன்று மாதத்துக்கு நிறுத்தியபோது அதில் முத்திரை குத்தியதும் நான்தான். சனிக்கிழமை வாசகர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் உன்னை நிறுத்தி மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். நீ நின்றபடி, "புத்தகத்துல பக்கம் இல்லாததுக்கு எல்லாரும் மன்னிச்சுக்குங்க" என்றாய். கிழித்தேன் என்று நீ கடைசிவரை சொல்லவே இல்லை. என்னை ஒரு தடவை பார்த்தாய், அவ்வளவுதான். உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று அப்போதே எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம் யாருக்கும் தெரியாமல் அந்தப் பக்கங்களைத் தேடினேன், தோட்டப் புத்தகம் அதற்குள் கிளை நூலகத்துக்குப் போய்விட்டது. கிடைத்திருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. உன் கல்யாணத்தில் மாப்பிள்ளையிடம், பார்த்துக்குங்க, இவ கைல புத்தகம் குடுத்தா கடைசிப் பக்கம் இருக்காது என்று சொல்லிச் சிரித்தேனே, அதை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. அன்றைக்கு நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய்.

இப்போது அம்மா ஏன் பேசவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். பக்கங்கள் கிடைத்ததும் இப்போது நூலகராக இருக்கும் அம்மையாரிடம் பழைய கட்டு ஒன்றில் கிடந்தது என்று மட்டும் சொன்னேன். அவருக்கு ஒரே குஷி. சனிக்கிழமை கூட்டத்தில் அந்த நாவலைப் பற்றிய கருத்துகளையெல்லாம் வாசித்துவிட்டு, கடைசிப் பதினாறு பக்கத்தையும் வாசிப்போம் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார். அறை நிறைய ஆள். கணக்கு வாத்தியார் கைத்தடியோடு வந்திருந்தார். பக்கங்களைக் கண்டுபிடித்தவர் நம் பைண்டர் சார் என்று நூலகர் சொன்னதும் எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். திருடன் தபால்காரன் இல்லை என்று தெரிந்ததில் வாத்தியாருக்கு வருத்தம், கதை எழுதியவர் கணக்கில் தப்புப் பண்ணிவிட்டார் என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். பிறகு அவரே என் பக்கம் திரும்பி, "அப்ப உங்க பொண்ணு கிழிக்கவே இல்லையா?" என்றார். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சின்னப் பிள்ளைதானே சார், எங்கயாவது சொருகி வெச்சிருக்கும்" என்றேன். அறுபத்தாறு வயது. வேலை போகும் என்ற பயமும் கிடையாது. அந்தக் கைத்தட்டல் போய்விடுமே என்று பயந்தேன், வேறு ஒன்றும் இல்லை. பின் வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். அவளுக்கு முந்தின நாள்தான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு வார்த்தை கேட்டாள், "அன்னிக்கும் இன்னிக்கும் அவதானா கெடச்சா உங்களுக்கு?" அதோடு சரி.

மறுநாள் நூலகம் கிடையாது, இன்றைக்குத் திறந்ததும் முதல் ஆளாகப் போய் நூலகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, மேசை மேல் இருந்த பேனாக்களை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கங்களைச் சேர்த்துத் தைப்பதற்காகப் புத்தகத்தைப் பிரித்தபோது கருத்துத் தாள்களை ஈரத்துணி வைத்து ஒவ்வொன்றாக உரித்தேன். முதல் தாளில் கடைசிக் கருத்தாக உன் கையெழுத்து. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும், அதை மறைக்கத்தான் அந்தத் தாளில் பாதி இடம் மீதி இருக்கும்போதே இரண்டாவது தாளை மேலே முழுக்கப் பசை தடவி ஒட்டினேன். நீ எழுதியிருப்பது இதுதான். "இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் அந்தப் பெண் இல்லை, அவளுடைய அப்பா. மகள் வந்து சொன்னதும் கடையைச் சாத்திவிட்டு, எங்கே, வா பார்க்கலாம் என்று கிளம்பிவிடுகிறார். பைண்டர் மகள்." அத்தனை பேர் கருத்து எழுதியிருக்கிறார்கள், அந்த அப்பாவைப் பற்றி வேறு யாருமே எழுதவில்லை. அதற்குக் கீழே மிச்சம் இருந்த இடத்தில் நான் எழுதினேன், பக்கங்களை யாரும் கிழிக்கவில்லை, மாற்றித் தைத்தவன் நான், அன்றே தெரிந்தும் என் மகள் மேல் போட்டேன், போன சனிக்கிழமையும் அதையே செய்தேன், பைண்டர் என்று. அந்தத் தாள் இப்போது மேலே இருக்கிறது. வாத்தியார் வீட்டுக்கும் போய் அவரிடம் நேரில் சொல்லிவிட்டு வந்தேன். கதவை முழுதாகத் திறக்காமலே கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் இங்கே ஏன் வந்தீர்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

உன்னிடம் சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் முக்கியம். மூன்று வாரத்துக்கு முன்பு ஃபோனில் உன் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு நோயாளிகளின் ரத்தக் குப்பி மாறிப்போனதாகவும், அது உன் வேலை என்று பழி போட்டு விசாரணை வைத்திருப்பதாகவும் சொன்னாய். நீ முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் நான் கேட்டது, "நீ சரியா பாத்துதான் லேபிள் ஒட்டினியா?" "சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். அதன் பிறகு நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷமாக நீ எனக்குச் சொல்லுவது இந்தச் சரிப்பா ஒன்றுதான். பரீட்சை முடிவு வந்தாலும் சரிப்பா, முதல் வேலை போனபோதும் சரிப்பா, எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் எனக்கு விஷயம் வரும். பெண்ணுக்கு அழுத்தம் ஜாஸ்தி என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன்னிடம் வாயைத் திறந்தால் என்ன கிடைக்கும் என்று நான்தானே கற்றுக்கொடுத்தேன்.

குப்பியை மாற்றியது நீ இல்லை. நீ ஒன்றும் விளக்க வேண்டாம், கையெழுத்து, நேரம், பதிவு எதையும் எனக்குக் காட்ட வேண்டாம். விசாரணையில் அவர்கள் என்ன முடிவு எழுதினாலும் எனக்கு அது நீ இல்லை. இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், பன்னிரண்டு வயதிலும் சொல்லியிருக்க வேண்டும், இப்போதுதான் சொல்ல வாய் வருகிறது.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், மனசில் பாரம் இல்லாமல் நல்லா இருக்க வேண்டும். ஆசீர்வாதம் பண்ண எனக்கு இன்றைக்கு யோக்கியதை இருக்கிறதா தெரியவில்லை, அம்மாவுடையதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன், அவளுடையது பலிக்கும். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டு, கல்யாணத்தில் நான் சொன்னது பொய் என்று அவருக்கும் தெரியட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, விசாரணைக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே. பதில் எழுது, மறந்துவிடாதே. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுது, பக்கம் பக்கமாக எழுது, ஒரு வரி விடாமல் படிப்பேன். பரவாயில்லைப்பா என்று மட்டும் எழுதிவிடாதே.

இப்படிக்கு,
உன்னிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கத் துணிச்சல் வராத
உன் அப்பா