அத்தைக்கு மேசை முளைத்தபோது

அத்தை,

இன்று காலை பிள்ளைப்பாக்கம் கூட்ரோடு ஹார்டுவேர் கடையில் ஒரு பெயிண்ட் டப்பாவை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தார்கள். மூடி 'டொப்' என்று எழும்பியதும் ஒரு வாசனை வந்தது. நான் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். "மூடிய மூடுங்கண்ணே, தூசி வுழுது" என்று உன் குரல் வரும் என்று. பின்னால் ஒரு சிமென்ட் மூட்டைதான் நின்றது. அது ஒன்றும் சொல்லவில்லை.

"இன்னா பாப்பா வேணும்?" என்றார் கடைக்காரர்.

"ஆயில் பெயிண்ட். எலுமிச்ச மஞ்சள். அரை லிட்டர்."

என் வாயால்தான் சொன்னேன். நீ இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பாய். ஆனால் யோசனை என்னுடையது இல்லை, அம்மாவுடையது. "அந்தக் கண்ணாடி மேசைக்கு மறுபடி அடிக்கணும்டி. இந்தத் தபா எண்ணெ பெயிண்டாவே வாங்கு. அப்பதான் என் கை பட்டாலும் ஒண்ணும் ஆவாது" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

'என் கை பட்டாலும்' என்றாளே, அதுதான் என்னைக் கடை வாசலிலேயே நிறுத்திவிட்டது. அந்த மேசையில் பதிந்திருக்கிற கை யாருடையது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நீ. நீ போய்விட்டாய். மிச்சம் நான்.

அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்பார்கள். எங்கள் அத்தைக்கு மேசைதான் முளைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சித்திரை வெயிலில் வாசலில் குட்டி யானை வண்டி வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து கம்பெனி யூனிபார்மோடு நீ இறங்கினாய். பின்னால், முகம் பார்த்துத் தலைவாருகிற அந்தக் கண்ணாடி மேசை ஆஸ்பத்திரி நோயாளி மாதிரி மல்லாந்து கிடந்தது. குன்றத்தூரில் ஏழு வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, ரெண்டு பையும் ஒரு மேசையுமாகத் திரும்பியிருந்தாய்.

"மாமா வரலியா அத்தை?" என்று கேட்டேன்.

"அந்த வூட்ல எடுத்தாற மாதிரி இருந்தது இது ஒண்ணுதான். காலப் புடி, ஒடையப் போவுது."

மேசையின் பாலிஷ் பாம்புச் சட்டை மாதிரி உரிந்திருந்தது. இடது டிராயர் திறக்கவே திறக்காது. கண்ணாடி ஓரம் முழுக்க ஏழு வருஷத்து ஸ்டிக்கர் பொட்டு. அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். எங்கள் வீடுதான் உனக்குத் தெரியுமே: ஹாலில் நான் புரண்டு படுத்தால் டி.வி. ஸ்டாண்டு உதைபடும்.

"இத எங்கம்மா வைக்கிறது? மனுசனுக்கே எடமில்ல."

"ஓரமா இருந்துக்கும் அண்ணி."

"பாக்க சகிக்கலியே. பத்து நாள் பாக்குறேன். நாலு பேர் வந்தா காட்டுற மாதிரி ஆச்சின்னா நடுவூட்டுலயே இருக்கட்டும். இல்லேன்னா காயலான் கடைக்குப் போட்டுட்டு, அப்புறம் மத்தது பேசலாம்."

அந்த 'மத்தது' நீதான் என்று எனக்கே புரிந்தது. உனக்குப் புரியாமலா? ஆனாலும் மேசையைப் பற்றித்தான் பேச்சு என்று எல்லோரும் ஒற்றுமையாக நடித்தோம். அப்பாவுக்கு மட்டும் நடிப்பு வராது. டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

"பெயிண்டு வேலதானே அண்ணி? எங்கிட்டயேவா?" என்றாய்.

அந்தத் திமிருக்குக் காரணம் இருந்தது. கார் கம்பெனி பெயிண்ட் ஷாப்பில் நீ இன்ஸ்பெக்‌ஷன். வெள்ளை விளக்குக்குக் கீழே கதவைக் கையுறையால் தடவி, கடுகளவு தூசி தட்டுப்பட்டாலும் அதைச் சுற்றி கிரயானால் வட்டம் போடுவது உன் வேலை. வீட்டிலாவது சும்மா இருந்தாயா? வெண்பொங்கலில் மிளகைப் பார்த்து, "தூசி வுழுந்துகீது, ரீவொர்க் அனுப்பு" என்றாய். நான் தூங்கும்போது என் முகப்பருவைச் சுற்றி ஐப்ரோ பென்சிலால் வட்டம் போட்டாய். நான் அப்படியே டியூஷனுக்குப் போய்வந்தேன். பதிலுக்கு உன் யூனிபார்ம் பாக்கெட்டில் நான் வைத்த ரப்பர் பல்லியைத் தொட்டு, கேட்டில் சோதனை போட்ட செக்யூரிட்டி அக்கா அலறிய அலறலில் ஷிப்ட் பஸ்ஸே நின்றுவிட்டதாம். அன்றிலிருந்து நமக்குள் போர்.

பெயிண்ட் வாங்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போனாய். இதே கடை. இதே அண்ணன்.

"வார்னிஷ் ஒரு கோட் குடுங்க மேடம், பளபளன்னு ஆயிடும்."

"பழைய பாலிஷ் மேலயா? மூஞ்சி கழுவாம பவுடர் போடுறதுக்கா?"

"அப்ப ஆயில் எனாமல் எடுத்துக்குங்க. நல்லா ஒழைக்கும்."

"ஒழைக்கும். ஆனா காயறதுக்கு ஒரு நாளு. அதுக்குள்ள எங்க தெரு கொசு மொத்தமும் அதுல குடி வந்துடும். இருக்கிறது ஒரே ஹாலு, அந்த நெடிக்கு எங்கண்ணனுக்கு இளைப்பு வந்துடும். வெளிர் கலரு அடிச்சா போவப் போவ பழுப்பேறும் வேற. தண்ணில கலக்குற எனாமல் குடுங்கண்ணே. பிரைமரும் அதுக்குத் தகுந்ததா."

"கார் கணக்கா கேக்குறீங்களே. இது மேசை மேடம், ரோட்ல ஓடாது."

"எங்க வூட்ல சொல்ல முடியாதுண்ணே. ஓடுனாலும் ஓடும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நீ மட்டும் சிரிக்காமல் ஷேட் கார்டைப் புரட்டிக்கொண்டிருந்தாய்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா டப்பா மூடியைப் பார்த்தாள். "எலுமிச்ச மஞ்சளா? நடுவூட்டுல ஸ்கூல் வேன் நிக்கிற மாதிரி இருக்குமே! பிரவுன்னுதானே சொன்னேன். அழுக்கு தெரியாது."

"அழுக்கு தெரியாத கலரோட ஏழு வருசம் குப்ப கொட்டிட்டேன் அண்ணி. இனிமே தெரியட்டும்."

அம்மா மூடியை ஒரு தடவை அழுத்திவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். 

அந்த வாரம் முழுக்க என்னை வேலை வாங்கினாய். கொரோனா காலத்துச் சானிடைசரைப் பஞ்சில் நனைத்து ஒரு மூலையில் தேய்த்தாய். பஞ்சு டீ கலரில் வந்தது. "பாலிஷ்தான். கரையுது பார். இது மொத்தமும் போனாத்தான் மேல எதுவும் நிக்கும்" என்று உப்புத்தாளை என் கையில் திணித்தாய். சொரசொரத் தாளில் மூன்று நாள், நைஸ் தாளில் இரண்டு நாள். என் கைரேகை பாதி அழிந்தது, ஆயுள் ரேகை உள்பட. அப்புறம் வெள்ளைப் பிரைமர். மேசை பால் குடித்த பூனை மாதிரி சாதுவாக நின்றது.

பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, நீ சட்டம் போட்டாய்: "இன்னிக்கு யாரும் தலைக்கு எண்ணெ வைக்கக் கூடாது. பவுடர், சென்ட், பூ எதுவும் கூடாது. கம்பெனி லைன்ல ஒருத்தி எண்ணெத் தலையோட வந்தா, எண்ணெ பட்ட எடத்துல பெயிண்ட் ஒட்டாம வெலகி, அன்னிக்கு வர்ற வண்டியெல்லாம் பள்ளம் பள்ளமா போவும்."

"தலைக்கு எண்ணெ வெக்காம உக்கார்றதுக்கு இது இன்னா எழவு வூடா?" என்று அம்மா கிணற்றடிக்குப் போய் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஊற்றிக்கொண்டு வந்தாள். வந்தவள் போகிற போக்கில் மேசையின் மேல் கையை ஒரு ஓட்டு ஓட்டி, "வழவழன்னுதான் கீது" என்று முணுமுணுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். நீ குளிக்கப் போயிருந்தாய். தூசியோடு பெயிண்ட் பக்கத்தில் வரக்கூடாது என்பதும் உன் சட்டம்தான்.

எனக்கு ஒரு விஞ்ஞானச் சந்தேகம் வந்தது. காருக்குப் போட்ட சட்டம் மேசைக்குச் செல்லுமா? தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தேன். மேசையின் நட்ட நடுவில் ஐந்து விரலையும் விரித்து ஓர் அமுக்கு. பிறகு துப்பட்டாவால் துடைத்துவிட்டேன். ஒன்றுமே தெரியவில்லை. நானும் ஒன்றுமே தெரியாதவளாக மூலையில் போய் உட்கார்ந்தேன்.

நீ வந்து பிரஷ்ஷைத் தொட்டு, ஒரே இழுப்பாக இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அடித்தாய். அழகாகத்தான் இருந்தது. மூன்று நிமிஷம். அப்புறம் மஞ்சள் மெல்ல விலக ஆரம்பித்தது. முதலில் ஒரு கட்டைவிரல். பிறகு மற்ற நான்கு. பிறகு உள்ளங்கை. மஞ்சளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கை, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி.

நீ குனிந்து முகர்ந்து பார்த்தாய். "தேங்கா எண்ணெ."

தண்ணிப் பெயிண்டும் எண்ணெயும், நாத்தனாரும் அண்ணியும் என்று ஒரு ஜோக் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்துவிட்டாள்.

"ஐயையோ, நாந்தாம்மா தொட்டேன். சும்மா ஒரு தடவ தடவிப் பாத்தேன். சத்தியமா வேணும்னு பண்ணலம்மா."

அம்மா அந்தக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. 'நான்தான்' என்று சொல்ல வேண்டிய நேரம் அது. என் வாய், வகுப்பில் ஓயாத என் வாய், அன்றைக்கு லீவு போட்டது.

நீ மேசையைப் பார்த்தாய். அம்மாவைப் பார்த்தாய். ஒரே ஒரு விநாடி என்னைப் பார்த்தாய். பிறகு பெரிய மூச்சாக விட்டாய்.

"இத இனிமே ஒண்ணும் பண்ண முடியாது அண்ணி."

பச்சைப் பொய். ஒரு வாரம் உன்னிடம் உப்புத்தாள் தேய்த்தவளுக்குத் தெரியாதா? துடைத்து, தேய்த்து, பிரைமர் தொட்டு, திரும்ப அடித்தால் முடிந்தது. ஒரு மணி நேர வேலை.

"பரவால்ல அண்ணி, நீங்க சொன்ன மாதிரி காயலான் கடைக்கே போடலாம். வண்டிக்குப் போன் பண்றேன். என் பையையும் அதுலயே ஏத்திக்கிறேன்."

"யாரு உன்னப் போவச் சொன்னது?" அம்மா கத்தினாள். "என் கையால கெட்டுச்சி, என் வூட்லதான் இருக்கும். நடுவூட்டுல வெய்யி. நீயும் கம்முனு இரு."

அப்பா டி.வி.யை அணைத்தார்.

சாயங்காலம் குழாயடியில் நீ பிரஷ் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றேன்.

"அண்ணி வெரல்ல மோதிரம் கீது," என்றாய், நிமிராமல். "கல்யாணத்துல போட்டது. சோப்பு போட்டு இழுத்தாலும் கழலாது. அந்தக் கையில மோதிரத் தடமே இல்ல. இந்த வூட்ல மோதிரம் இல்லாத பொம்பளக் கை ரெண்டு. அதுல ஒண்ணு என்னுது."

"அப்ப நான் சொல்லிடவா அத்தை?"

"வாயத் தொறந்தா மேசையும் நானும் தெருவுல. தெர்தா?" பிரஷ்ஷை உதறி என் முகத்தில் தண்ணீர் தெளித்தாய். "நல்லா அமுக்கியிருக்க, கொரங்கே."

நீ இருந்தாய். ஒன்றரை வருஷம் அந்த நடுவீட்டு மேசை முன்னால் தலைவாரி ஷிப்டுக்குப் போனாய். அம்மாவும் நீயும் சீரியல் மாமியாரைச் சேர்ந்து திட்டும் அளவுக்கு ஒட்டிப்போனீர்கள். போன ஐப்பசி மழையில் உனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அதைப் பற்றி எழுதினால் இந்தத் தாளிலும் பள்ளம் விழும். எழுதவில்லை.

நீ இருந்தவரை அந்த ரகசியம் நம் மூவருக்கும் கூரையாக இருந்தது. நீ போனதும் அது அம்மாவின் தலையில் மட்டும் இறங்கிவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் மேசையைக் காட்டி, "பாவி, என் கை பட்டுத்தான் அவ ஆசையா அடிச்சது இப்படியாச்சி" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எண்ணெய்த் தலையோடு மேசைப் பக்கம் போகிறதே இல்லை. அப்பாவின் ஷேவிங் கண்ணாடியைக் கிணற்றடியில் மாட்டி அதில்தான் தலைவாருகிறாள். நான் அதை ஏதோ சௌகரியம் என்று நினைத்திருந்தேன்.

இன்று கடைக்காரர் டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தபோது, "வேணாம்ணே" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

"எங்கடி பெயிண்டு?"

"கைய இந்த வெள்ளக் கை மேல வெய்யிம்மா."

வைக்க மாட்டேன் என்றாள். நானே பிடித்து வைத்தேன். "மோதிரத் தடம் எங்க கீது பாரு. இது என் கை. எண்ணெய ஊத்தி நாந்தான் வெச்சேன். அத்தைக்குத் தெரியும்."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

"அவளுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்."

"சரி பண்ணியிருக்கலாமா?"

"ஒரு மணி நேர வேல."

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று குனிந்தால், சிரிக்கிறாள். "கேடி! ரெண்டு பேரும் சேந்து என்ன ஏமாத்திட்டீங்களேடி." அப்புறம்தான் அழுதாள். அதற்கும் அப்புறம் முதுகில் இரண்டு வைத்தாள்.

பிறகு கண்ணாடியைப் பார்த்து, என்னிடம் இல்லை, "கேட்டிருந்தா இருன்னு சொல்லியிருக்க மாட்டனா?" என்றாள்.

எனக்கு இன்று உண்மை சொல்லும் ஜுரம். "சொல்லியிருக்க மாட்டம்மா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆமா. மாட்டேன்" என்றாள்.

எழுந்து போய் எண்ணெய்க் கிண்ணத்தையும் சீப்பையும் எடுத்துவந்து உன் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"பெயிண்டு?"

"மேசக் காலுக்கு மட்டும் வாங்கு. மேல தொடாத."

"எண்ணெயா, தண்ணியா?"

"அவ இன்னா சொல்லுவா?"

"தண்ணி."

"அப்புறம் இன்னா கேள்வி?"

மேசைக்கு இனிமேல் கவலை இல்லை அத்தை. கவலை என்னைப் பற்றித்தான். போன வாரம் அப்பாவின் ரெண்டு ஷூ கயிற்றையும் சேர்த்து முடிந்து வைத்தேன். அவர் தானே தூக்கக் கலக்கத்தில் முடிந்துவிட்டதாக நினைத்து அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். சர்க்கரை டப்பாவில் உப்பைப் போட்டேன். அம்மா மளிகைக் கடைக்காரரைத் திட்டினாள். உன்னை மாதிரி அந்த ஒரு விநாடி என் பக்கம் திரும்பிப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை. அதனால் இப்போதெல்லாம் குறும்பு வேலையை முடித்துவிட்டு மூலையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன். யாரும் திரும்பவில்லை என்றால் எழுந்து போய், "நான்தான்" என்று நானே சொல்லிவிடுகிறேன்.