பெட்டிக்குள் ஒரு தாத்தா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் சளி, இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சமையலறைக் குழாய் ஒழுகியதைச் சரி செய்தாயிற்று, மாடியில் இருந்த டைப்பிஸ்ட் வீட்டைக் காலி செய்துவிட்டார், பஸ் ஸ்டாண்டில் நான் மைக் பிடித்து அறிவித்த இடத்துக்கு மிஷின் வைத்துவிட்டார்கள், அதில் ஒரு பெண் எந்த பஸ்ஸாக இருந்தாலும் அழுகிற மாதிரியே அறிவிக்கிறாள். அதெல்லாம் கிடக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் காகிதம்.

போன வாரம் நீ பேசியதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. மறைப்பானேன், பொறாமைதான். நீதான் சொன்னாய், சின்ன வயதில் காதில் விழுகிற மொழி அப்படியே ஒட்டிக்கொள்ளும், அதனால் குட்டி விளையாடும்போது நம் மொழிக் கதைகளை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறேன், திருப்பிச் சொல் என்று வற்புறுத்துவதில்லை, கேட்டால் போதும் என்று. நல்ல காரியம்தான். நம் மொழி என் பேத்திக்கு அந்நிய மொழியாகிப் போனதே என்று சுருக்கென்றது, அதைக்கூட விழுங்கிக்கொண்டேன். ஆனால் அந்தக் கதை சொல்கிற ஆளைக் குட்டி தாத்தா என்று கூப்பிடுகிறாள் என்றாய் பார், அங்கேதான் எனக்கு ஏறிவிட்டது. அவன் தாத்தா என்றால் நான் யார்? நான் போனில் முகத்தைக் காட்டினால் சோபாவுக்குப் பின்னால் ஓடி ஒளிகிற கழுதை, முகமே தெரியாத ஒருத்தனுக்கு முத்தம் கொடுக்கிறாளாம், அதுவும் அந்த ஸ்பீக்கர் பெட்டி மேலே!

நானும் விட்டேனா, முயல் ஊருக்குப் போன கதையைப் பேசி அனுப்பினேன். நீ எனக்குப் பதிலே போடவில்லை. அம்மாவிடம் மட்டும், அப்பா முயலை மூணாவது நடைமேடையிலேருந்து பஸ் ஏத்தி விடுறாரும்மா, குட்டி பயந்து அழுதுட்டா என்றாயாம். அம்மா நாள் முழுக்கச் சிரித்தாள். இந்த ஊரில் என் குரலைக் கேட்டு பஸ் ஏறாதவன் எவனாவது உண்டா? அந்தப் பெட்டிக்காரன் அப்படி என்னதான் கிழிக்கிறான் பார்ப்போம் என்று, பக்கத்து வீட்டு நர்ஸிடம் சொல்லி அவன் கதைகளை என் போனில் வரவழைத்தேன். மூக்கால் பேசுகிறான். அதைச் சொன்னால் உன் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, நல்லாத்தானே சொல்றாரு, இன்னொண்ணு போடுங்க என்கிறாள். எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல்.

திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் பிடிபட்டது. யானை எங்கே போச்சு என்று கேட்டுவிட்டு அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறான். குழந்தை ஏதாவது சொல்லட்டும் என்று இடம் விடுகிறான். நான் மைக்கில் யாருடைய பதிலுக்கும் காத்திருந்ததில்லை, காத்திருந்தால் பஸ் போய்விடும். அந்தத் திருட்டுப்பயலிடமிருந்து நான் ஒன்று கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று நினைத்தால் இன்னும் எரிகிறது.

இன்று புதிதாகப் பேசி உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். கதை கிதை ஒன்றும் இல்லை. குட்டி, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறேன். அந்த இடத்தில் அம்மா பாத்திரம் உருட்டுவது கேட்கும், அணைத்துவிடாதே. பிறகு, என்ன விளையாடுறே என்று கேட்டுவிட்டு மறுபடி பேசாமல் இருக்கிறேன். அவ்வளவுதான். அவன் கதைகளை நிறுத்து என்று சொல்ல ஆசைதான், சொல்லவில்லை. என்னையும் கொஞ்சம் போடு.

மூவரும் நோய் நொடியில்லாமல் நன்றாக இருங்கள். மாப்பிள்ளையை வண்டியை மெதுவாக ஓட்டச் சொல். மறந்துவிடாதே, நான் பேசாமல் இருக்கிற இடங்களில் குட்டி எதைச் சொன்னாலும், எந்த மொழியில் சொன்னாலும், பதிவு செய்து எனக்கு அனுப்பு. புரியாவிட்டால் பத்துத் தடவை கேட்டுக்கொள்கிறேன். அவள் பதில் சொன்னால் அந்தப் பெட்டிக்காரனுக்குக் கேட்காது. எனக்குக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
குட்டிக்கு அசல் தாத்தா