முப்பத்தேழாவது வரி

உன் லேப்டாப்பைத் திறந்தால் இன்னும் தைல வாசனை வருகிறது. கீபோர்டில் இடது பக்க எழுத்துகள் மட்டும் பிசுபிசுவென்று இருக்கின்றன. இடது கையால்தான் நெற்றிப்பொட்டில் தேய்த்துக்கொள்வாய், அதே கையோடு டைப் அடிப்பாய். இன்று காலை அதைத் துடைத்துவிடலாம் என்று துணியை எடுத்தேன். கை வரவில்லை. துணியை மூலையில் விட்டெறிந்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன்னைப் பற்றி உருக்கமாகப் பேச உன் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், பதினாறாம் நாள் வரைக்கும் பேசித் தீர்த்துவிட்டார்கள். நான் உன்னைத் திட்டத்தான் எழுதுகிறேன்.

ஒன்பது வருடம் ஒரே மேஜை. காந்தி ரோட்டில் பட்டுக்கடைக்கு மேல்மாடியில் நம் சாஃப்ட்வேர் ஆபீஸ். கீழே முகூர்த்தப் புடவை எடுக்க வேன் வேனாக வந்து இறங்குவார்கள், மேலே நாம் இரண்டு பேரும் ஜாவாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம். கடைக்காரரின் இரண்டாவது மகன்தான் நமக்கு முதலாளி. நீ மாகறலிலிருந்து பஸ்ஸில் வருவாய், நான் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது ஊருக்கே தெரியும். நான் எழுதுகிற புரோகிராம் கோடில் யாராவது குறை சொன்னால் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். நீ டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் தள்ளுவாய். "சாப்புடு மா, அப்பறம் கத்து" என்பாய். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அதோடு பேச்சு போய்விடும், குறை அப்படியே கிடக்கும். அப்போது அது எனக்குப் புரியவில்லை.

செவிலிமேட்டுப் பக்கம் இருக்கிற அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு நாம் செய்து கொடுத்த சாஃப்ட்வேரில்தான் எல்லாம் நடந்தது. உனக்குத் தெரிந்ததையே உனக்கு எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நோயாளி என்று ஒரு கிளாஸ் எழுதுகிறோம். பெயர், வயது, ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து. எழுதின மட்டில் அதற்கு ஞாபகம் என்று ஒன்று கிடையாது, மெஷினை நிறுத்தினால் எல்லாம் போச்சு. கம்பைல் ஆகி மெஷின் படிக்கிற பைட்கோடாக மாறின பிறகு அதற்குள் என்ஹான்ஸர் என்கிற கருவி புகுந்து, நாம் எழுதாத சில வரிகளைச் சேர்த்துவிடும். அதற்கப்புறம் யாராவது வயதை மாற்றினால், மருந்தை மாற்றினால், இது மாறியிருக்கிறது என்று அந்த கிளாஸே குறித்து வைத்துக்கொள்ளும். குறித்து வைத்தது மட்டும்தான் டேட்டாபேஸுக்குப் போகும். பிள்ளையார்பாளையத்தில் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக் காயவைத்த பிறகுதானே தறியில் ஏற்றுகிறார்கள், அந்த மாதிரி ஒரு வேலை. கஞ்சி போடாத பாவும் கண்ணுக்கு அதே நிறமாகத்தான் இருக்கும்.

இந்த வேலையை, கம்பைலுக்கான கட்டளைகள் இருக்கிற பில்ட் ஃபைலில் எழுதி வைத்தால் தானாக நடக்கும். ஆபீஸ் மெஷினில் அது தகராறு செய்கிறது என்று சொல்லி, நீ உன் லேப்டாப்பில் கையாலேயே ஓட்டினாய். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, ஐந்து வருடம். ஒவ்வொரு முறை புது பதிப்பு போகும்போதும் பத்து நிமிடம் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ செய்வாய், பிறகு ஃபைலை சர்வரில் போடுவாய். அது என்ன, எனக்கும் காட்டு என்று நான் கேட்டேன். ஒரு தடவை கேட்டேன், நிச்சயமாகக் கேட்டேன்.

"உனுக்கு இன்னாத்துக்கு மா அந்த ரோதன? நான் இருக்கேன் இல்ல."

எங்கே இருக்கிறாய்? மாகறல் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவர்களுடைய பிரின்டரைக்கூடச் சரி செய்து கொடுத்தாய். எட்டடி தூரத்தில் டாக்டர் உட்கார்ந்திருந்தார். அவரிடம் தலையைக் காட்ட உனக்கு நேரமில்லை, தைலம் தேய்க்க மட்டும் நேரம் இருந்தது. இதை நினைத்தால் எனக்கு அழுகை வருவதில்லை, பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

நீ போய் ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் ஒரு மாற்றம் கேட்டார்கள். நான் கம்பைல் செய்து சர்வரில் போட்டேன். உடனே கூச்சல். இந்த கிளாஸ் என்ஹான்ஸ் ஆகவில்லை, அந்த கிளாஸ் ஆகவில்லை என்று வரிசையாக எர்ரர். அப்போதுதான் உன் பத்து நிமிட வேலை என்னவென்று எனக்குத் தெரிந்தது. இரண்டு நாள் முட்டி மோதி, எந்தெந்த கிளாஸ் கூச்சல் போட்டதோ அதையெல்லாம் பில்ட் ஃபைலில் சேர்த்தேன். கூச்சல் அடங்கிவிட்டது. புதிதாக ஒரு நோயாளியைப் பதிந்து பார்த்தேன், எல்லா விவரமும் ஒழுங்காகப் போய் உட்கார்ந்தது. உன்னால் ஐந்து வருடம் முடியாததை இரண்டு நாளில் முடித்துவிட்டேன் என்று முதலாளியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்துத்தான் அது நடந்தது. பிள்ளையார்பாளையத்தில் சாயப்பட்டறையில் வேலை செய்கிற ஒரு அம்மா, கையில் புண்ணோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பென்சிலின் தனக்கு ஆகாது என்று அங்கே நர்ஸாக இருக்கிற தேவகி சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா பழைய நோயாளி. அவருடைய பதிவைத் திறந்து, ஒத்துக்கொள்ளாத மருந்து என்ற இடத்தில் சிஸ்டர் அதைச் சேர்த்தார். நாலு நாள் கழித்து அந்த அம்மா திரும்ப வந்தபோது வேறு டாக்டர், வேறு நர்ஸ். ஸ்கிரீனில் அந்த இடம் காலியாக இருந்தது. ஏற்கெனவே சொல்லியாயிற்றே என்று அந்த அம்மாவும் திரும்பச் சொல்லவில்லை. சோதனைக்கென்று துளியளவு போட்ட பென்சிலின் ஊசிக்கே அவருக்கு மூச்சு முட்டிவிட்டது. இரண்டு நாள் ஐசியூவில் கிடந்து பிழைத்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, சாஃப்ட்வேரில் ஏதாவது கோளாறா என்று. முதலாளி என்னைப் பார்த்தார். நான் எர்ரர்கள் பதிவாகிற லாக் ஃபைலைத் திறந்து பார்த்தேன், சுத்தமாக இருந்தது. எர்ரர் எதுவும் இல்லை சார் என்று சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தில் தேவகி சிஸ்டரின் வேலை நின்றது. பதியாமலேயே பதிந்ததாகப் பொய் சொல்கிறார் என்று சொல்லி, விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் அவர் நம் மாடிப்படி ஏறி வந்தார். கீழே கல்யாணக் கும்பல், அதற்குள் புகுந்து வந்திருக்கிறார். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு என் மேஜைக்கு எதிரில் நின்றார்.

"சேவ் ஆயிடுச்சுன்னு பச்சையா வந்துச்சு மேடம். நான் பாத்துக்கினு தான் இருந்தேன். அங்க யாருமே நம்ப மாட்டேங்கறாங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? எரிந்து விழுந்தேன். சாஃப்ட்வேர் பொய் சொல்லாது, மனுஷங்கதான் மறப்பாங்க என்றேன். அவர் வாசலைப் பார்த்து நடந்தார். படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். தெருப் பக்கம் திரும்பும்வரை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அந்தப் பச்சைச் செய்தி மட்டும் என்னை உறுத்தியது. அந்த ஸ்கிரீனை எழுதியவள் நான்.

அந்த வாரம்தான் உன் அண்ணன் இந்த லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தார், ஆபீஸ் பொருள், வீட்டில் வைத்திருக்கக்கூடாது என்று. அதில் ஒரு பட்டியல் இருந்தது. என்ஹான்ஸருக்குக் கொடுக்க வேண்டிய கிளாஸ்கள், வரிசையாக நாற்பத்திரண்டு பெயர். என் பில்ட் ஃபைலில் நாற்பத்தொன்று. விடுபட்டது முப்பத்தேழாவது வரி. அது நோயாளி கிளாஸ் இல்லை, டேட்டாபேஸில் போய் உட்காருகிற எதுவும் இல்லை. ஒத்துக்கொள்ளாத மருந்தைத் திருத்துகிற ஸ்கிரீனுக்கான கிளாஸ். என் ஸ்கிரீன்.

பார்த்த உடனே புரிந்துவிட்டது. நோயாளி கிளாஸுக்கு மெத்தட் என்று முறையான வாசல் இருக்கிறது, அதன் வழியாகத்தான் எதையும் மாற்ற வேண்டும். நான் அவசரத்தில் நேராக உள்ளே கையை விட்டு மாற்றியிருந்தேன். அப்படி மாற்றுகிற கிளாஸையும் என்ஹான்ஸருக்குள் விட்டு எடுத்தாக வேண்டும். விடாவிட்டால் எந்தக் கூச்சலும் வராது. மாற்றியதை யாரும் குறித்து வைக்க மாட்டார்கள், சேமிக்க எதுவும் இல்லை என்று டேட்டாபேஸ் சும்மா இருந்துவிடும், என் ஸ்கிரீன் மட்டும் பச்சையாகச் சிரிக்கும். புது நோயாளி என்றால் மொத்தமாக எழுதப்படும், அதனால் என் சோதனையில் அகப்படவில்லை. பழைய நோயாளிக்கு ஒரு மருந்தைச் சேர்த்தால்தான் காணாமல் போகும்.

அந்த வரிக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தாய்.

"இத்த அவ கிட்ட சொன்னா சண்டைக்கு வருவா. நானே பாத்துக்கறேன்."

ஐந்து வருடம். ஒவ்வொரு முறையும் என் தப்பை உன் லேப்டாப்பில் வைத்து மூடி, சர்வருக்கு அனுப்பிவிட்டு, எனக்கு எலுமிச்சம்பழச் சாதம் தள்ளியிருக்கிறாய். ஆபீஸ் மெஷின் தகராறு என்று சொன்னதெல்லாம் சும்மா. பில்ட் ஃபைலில் எழுதினால் நான் பார்ப்பேன், ஏன் என் ஸ்கிரீன் இதில் இருக்கிறது என்று கேட்பேன், நீ சொல்ல வேண்டி வரும். அதற்குப் பயந்து ஒரு ஆஸ்பத்திரி முழுவதையும் உன் பைக்குள் வைத்து மாகறலுக்கும் காஞ்சிபுரத்துக்கும் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறாய். உனக்கு அறிவிருக்கிறதா? கேட்க நாதியில்லாத இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாய்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு நிதானமாக, எனக்கு நல்லது செய்கிற குரலில் சொன்னார்.

"அவங்க தானம்மா கையால பண்ணிக்கினு இருந்தாங்க? அவங்க மேல போட்டுடு. வந்து இல்லன்னு சொல்லப் போறாங்களா?"

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்கு அது சரி என்றுதான் பட்டது. உன் மேல் அவ்வளவு ஆத்திரம். மறைத்தவள் நீ, சொல்லிக் கொடுக்காதவள் நீ, செத்துப்போனவளும் நீ. உன் பெயரைச் சொன்னால் எல்லோரும் ஐயோ பாவம் என்பார்கள், அதோடு ஆறிவிடும். ஆனால் அந்தக் குறிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் நீ ஒரு தப்பும் செய்யவில்லை. என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறாய், அவ்வளவுதான்.

மறுநாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராக செவிலிமேட்டுக்குப் போனேன். போவதற்கு முன்பே தேவகி சிஸ்டருக்கு போன் செய்து வரச் சொல்லியிருந்தேன். பெரிய டாக்டர் எதிரில் பழைய நோயாளி ஒருவரின் பதிவைத் திறந்து, ஒரு மருந்தைச் சேர்த்து, பச்சைச் செய்தி வந்த பிறகு மூடித் திறந்து காட்டினேன். இடம் காலியாக இருந்தது. சிஸ்டர் பதிந்தது நிஜம், எழுதினதில் தப்பு என்னுடையது, லாக் சுத்தம் என்று சொன்னவளும் நான்தான் என்றேன். இறந்துபோன மேடம்தானே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று டாக்டர் கேட்டார். அவள் இருந்தவரைக்கும் இது நடக்கவில்லை சார் என்று மட்டும் சொன்னேன்.

சிஸ்டருக்கு அன்றைக்கே வேலை திரும்பியது. அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. வராந்தாவில் என்னை நிறுத்தினார்.

"அன்னிக்கே ஒரு தடவ இப்படிப் போட்டுப் பாத்திருக்கலாம் இல்ல மேடம்? நான் உங்க எதிர்ல தானே நின்னுக்கினு இருந்தேன்."

ஐசியூவிலிருந்து வீடு திரும்பிய அந்தச் சாயப்பட்டறை அம்மாவின் வீட்டுக்கும் போனேன். வாசலில் அவர் மகள் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, உள்ளே வரச் சொல்லாமல் கதவைச் சாத்தினாள். சாத்தியது சரிதான். முதலாளி என்னோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆஸ்பத்திரி வேறு சாஃப்ட்வேர் பார்த்துக்கொண்டிருக்கிறது, அது அவர்கள் இஷ்டம்.

உன் அண்ணன் ஒன்று சொன்னார். மூன்று மாதமாக உனக்குக் காலையில் வாந்தி இருந்ததாம், ஒரு கண் மங்கலாகத் தெரிந்ததாம். வீட்டில் சொல்லியிருக்கிறாய். ஆபீஸ்ல சொல்லாதீங்க, அவ கத்துவா என்றும் சொல்லியிருக்கிறாய். கத்தியிருப்பேன்டி. காந்தி ரோடு முழுக்கக் கேட்கும்படி கத்தி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்திருப்பேன். ஒருவேளை வெறுமனே கத்திவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ. எனக்கே தெரியாதது உனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

இப்போதெல்லாம் யாராவது என் கோடில் குறை சொன்னால் வாயை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்கிறேன். காது சுடுகிறது, ஆனாலும் கேட்கிறேன். அந்த ஸ்கிரீனையும் திருத்திவிட்டேன். உள்ளே கையை விடுகிற இடங்களையெல்லாம் எடுத்துவிட்டு, மெத்தட் வழியாகப் போகும்படி மாற்றினேன். இனி அதை எந்தப் பட்டியலிலும் வைக்க வேண்டியதில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் செய்தேன், பதினொரு நிமிடம் ஆனது. நீ ஒரு தடவை என்னோடு சண்டை போட்டிருக்கலாம்.